யாரைக் கேட்டார்கள், எதை அளந்தார்கள்: நீடித்த வணிகம் பற்றிய ஆய்வுகள் வந்த வழி

ஜோர்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் சாலையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் வெள்ளீயம் உருக்கினார்கள். ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் என்பது ஆலையின் பெயர். வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து வந்த தாதுமணல் இங்கே உலையில் இறங்கிக் கட்டியாகி, துறைமுகம் வழியே வெளியேறி, எங்கெங்கோ தகர டப்பாக்களின் மேல்பூச்சானது. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் கையை விரித்தது. விலை சரிந்தது. மலேசியாவின் வெள்ளீயத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பின்னாளில் உலை போய்க் கடைத்தொகுதி வந்தது.

நகரின் நடுவே தலைமுறைகளாகப் புகைந்த ஓர் ஆலை சுற்றிலும் குடியிருந்தவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுத்தது, எவ்வளவு தூசி கொடுத்தது, மூடியபோது மண்ணில் எதை விட்டுச் சென்றது? இந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்ப்பதற்குத்தான் நீடித்த வணிகம் என்ற ஆய்வுத்துறையே இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். துறைக்குள் வந்திருக்கும் கட்டுரைகளைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது. அது மனிதர்களிடம் நிறையக் கேட்டிருக்கிறது. ஆலையையும் ஆற்றையும் குப்பைமேட்டையும் குறைவாகவே அளந்திருக்கிறது. அறிஞர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். ஒரு விரிவுரையாளர் பேராசிரியராக ஏறிப்போகும் வழி எப்படி அமைந்திருக்கிறதோ, ஆய்வும் அந்த வழியே நடக்கிறது.

துறையின் பொது வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான். 1970-இல் மில்டன் ஃப்ரீட்மன், நிறுவனத்தின் சமூகக் கடமை லாபம் ஈட்டுவதே என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். 1987-இல் புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவையைக் கெடுக்காத வளர்ச்சி என்ற கருத்தை உலக அரங்குக்குக் கொண்டுவந்தது. 1994-இல் ஜான் எல்கிங்டன் லாபத்தோடு மனிதரையும் பூமியையும் சேர்த்து மூன்று கணக்கு எழுதச் சொன்னார். 1995-இல் ஸ்டுவர்ட் ஹார்ட், இயற்கை வளத்தைக் காக்கும் திறனே ஒரு நிறுவனத்தின் போட்டி வலிமையாக மாறும் என்று வாதிட்டார். அதன் பிறகு ஆய்வாளர்களைப் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: பசுமையாக இருந்தால் லாபம் வருமா? 2015-இல் ஃப்ரீட, புஷ், பாசன் என்ற மூன்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதைப் பற்றிய 2,000-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஏறத்தாழ 90 விழுக்காட்டில் எதிர்மறைத் தொடர்பு இல்லை என்று அறிவித்தார்கள். இரண்டாயிரம் ஆய்வுகள்! பசுமையாக இருப்பதாகச் சொன்ன நிறுவனத்தால் ஆற்றில் நஞ்சு குறைந்ததா என்ற கேள்விக்கு இதில் பத்தில் ஒரு பங்கு உழைப்பாவது கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம். எல்கிங்டனே 2018-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில், தன் மூன்று கணக்குக் கருத்தைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்வதாக எழுதினார். நிறுவனங்கள் அதை வெறும் கணக்குப்பதிவு உத்தியாக ஆக்கிக்கொண்டன என்பது அவர் குறை.

இத்துறையில் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த மிகப் பெரிய பெயர் சி.கே. பிரகலாத். 1941-இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து, இளம் வயதில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரி ஆலையில் வேலை பார்த்தவர். (அந்த நிறுவனத்தின் பெயரை 1984 டிசம்பருக்குப் பிறகு உலகம் போபாலோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது.) அகமதாபாத் ஐஐஎம், ஹார்வர்ட் என்று போய், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நிலைத்தார். 2004-இல் வந்த அவருடைய நூல், வருமானப் பிரமிடின் அடித்தட்டில் இருக்கும் கோடிக்கணக்கான ஏழைகளை வாடிக்கையாளர்களாகப் பார்க்கும்படி பெருநிறுவனங்களுக்குச் சொன்னது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அந்த நூலின் முக்கியமான எடுத்துக்காட்டுகளில் ஒன்று. சிறு பொட்டலங்களில் விற்பது இன்னொன்று.

சிறு பொட்டலம் தமிழருக்குப் புதிதல்ல. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய கெவின்கேர் அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது. நாள்கூலி வாங்குகிறவருக்கு முழுப் புட்டிக்குக் காசில்லை, ஒரு குளியலுக்கு இருக்கிறது என்ற கணக்கு சரியானதுதான். ஆனால் அதே மிச்சிகனில் பணியாற்றிய அனீல் கர்னானி 2007-இல் பிரகலாதின் கருத்தையே கானல்நீர் என்றார். பொட்டலத்தைச் சிறிதாக்கினால் ஏழைக்குப் பொருள் மலிவாகிவிடாது. அவரை நுகர்வோராகப் பார்ப்பதை விட உற்பத்தியாளராகப் பார்த்து வருமானத்தை உயர்த்த வேண்டும் என்பது அவர் வாதம். இருவரும் மோதிக்கொண்டது வாங்கும் திறனையும் சந்தையின் அளவையும் பற்றி. கிழித்துப் போட்ட பொட்டலம் எந்த வாய்க்காலை அடைத்தது என்பது அந்த விவாதத்தின் ஓரத்திலேயே நின்றது. 2009-இல் ராம் நிதுமொலு, எம்.ஆர். ரங்கசாமி ஆகியோருடன் சேர்ந்து, நீடித்த தன்மையே இனிப் புதுமைக்கு உந்துசக்தி என்று பிரகலாத் எழுதினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் பொட்டலத்தைப் பற்றித் தானே திருத்தி எழுதியிருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது.

பினாங்குக்குத் திரும்புவோம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே போன ஒரு வாழ்வு மார்ட்டின் கோருடையது. 1951-இல் பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பொருளியல் படித்து, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்து அங்கேயே பாடமும் நடத்தியவர். அந்த ஆய்வு மலேசியப் பொருளாதாரத்தின் சார்புநிலை பற்றிய நூலாக 1983-இல் வந்தது. பிறகு அவர் சேர்ந்த இடம் பினாங்கு பயனீட்டாளர் சங்கம். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வணிகம் செய்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019 மே மாதம் மறையும் வரை பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிய சங்கம் அது. கோர் அதன் ஆய்வுப் பிரிவை நடத்தினார். மூன்றாம் உலக வலையமைப்பை வளர்த்தார். ஜெனிவாவில் தெற்கு மையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தார். 2020 ஏப்ரல் முதல் நாள் மறைந்தார்.

சங்கத்தின் ஆய்வு எப்படி இருந்தது? 1970-களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவால் ஜுரு ஆற்றில் மீனும் சிப்பியும் செத்தபோது, கோலா ஜுரு மீனவர்களின் பக்கம் நின்று அந்த விவகாரத்தை எழுப்பியது இந்தச் சங்கம். ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை கதிரியக்கக் கழிவை வைத்திருந்ததற்கு எதிராக ஊர் மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் ஒருவர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993-இல் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994-இல் நிறுவனமே ஆலையை மூடிவிட்டுப் போனது. இந்த வகை ஆய்வுக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையைத் தாங்கும் அளவுகள் வேண்டும். பதவி உயர்வுக் குழு அதற்கு மதிப்பெண் தராது.

வழக்குமன்றம் வரை போகும் இந்தச் சங்கம் தைப்பூசத்தன்று வேறு முகம் காட்டும். வெள்ளி ரதம் டத்தோ கிராமாட் சாலை வழியே தண்ணீர்மலைக்குப் போகும்போது மலைமலையாகத் தேங்காய் உடைப்பவர்களிடம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஆண்டுதோறும் கேட்கிறது. பக்தர்கள் கேட்பதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே எத்தனை லாரி ஓடு அள்ளப்படுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் எண்ணலாம்.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்து பெயர் பெற்ற வாழ்வுக்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிர்வாகவியல் பள்ளியைச் சேர்ந்த பேராசிரியர் துரைசாமி ராமையாவை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுமுறையியல் கற்பவர்கள் மலேசியாவில் அவர் பெயரைத் தாண்டிப் போவது கடினம். கேள்விப்படிவத்தில் கிடைத்த பதில்களை வைத்து, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலான தொடர்பைப் புள்ளியியல் வழியாகச் சோதிக்கும் கட்டமைப்புச் சமன்பாட்டு முறையைப் பட்டறை பட்டறையாகக் கற்றுக்கொடுத்தவர். 2018-இல் நால்வரோடு சேர்ந்து அவர் எழுதிய கையேடு அந்த முறைக்கானது. பசுமைப் பொருள் வாங்கும் நோக்கம் பற்றி 2010-இலும், பசுமை விநியோகச் சங்கிலி பற்றி 2011-இலும், மறுசுழற்சி பற்றி 2012-இலும் சக ஆய்வாளர்களோடு அவர் வெளியிட்ட கட்டுரைகள் பரவலாக மேற்கோள் காட்டப்படுபவை.

இவற்றில் 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாரிக் எல்தாயிப், சுஹைசா சைலானி, ராமையா மூவரும் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் பெற்ற மலேசிய நிறுவனங்களிடம் கேட்டார்கள். பொருளை வடிவமைக்கும்போதே சுற்றுச்சூழலைக் கணக்கில் எடுப்பது எல்லா வகையிலும் பயன் தந்தது. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெறுவது செலவைக் குறைப்பதில் மட்டும் உதவியது. பசுமையாகக் கொள்முதல் செய்வதற்கோ குறிப்பிடத்தக்க விளைவே தெரியவில்லை. பல நிறுவனங்கள் சப்ளையரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதையே பசுமைக் கொள்முதல் என்று நடத்தும் நாட்டில், இந்த மூன்றாவது முடிவு கவனிக்க வேண்டியது. நல்ல கேள்விப்படிவம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது சான்று. அதன் எல்லையும் இங்கேயே தெரிகிறது. பயன் என்று பதிவானது, நிறுவனத்தின் மேலாளர் பயன் என்று சொன்னது.

மறுசுழற்சிக் கட்டுரை இந்த எல்லையை இன்னும் தெளிவாகக் காட்டும். 200 பல்கலைக்கழக மாணவர்கள். ஐசக் ஆய்ஸனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. மனப்பான்மையும் சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்பும் மறுசுழற்சியைத் தூண்டுகின்றன. வசதியும் செலவும் பெரிய காரணங்கள் அல்ல என்பது முடிவு. அயர்லாந்தில் நடந்ததோ வேறு. 2002-இல் நெகிழிப் பைக்கு 15 சென்ட் வரி போட்டதும் பயன்பாடு ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்தது. அங்கே பைகளை எண்ணினார்கள். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுசுழற்சி வேறு, பை வேறு. மாணவர் வேறு, கடைக்குப் போகும் குடும்பத்தலைவி வேறு. ஆனாலும் காசு முக்கியமில்லை என்று வாய் சொல்வதையும், காசு வைத்ததும் கை பின்வாங்குவதையும் பிரித்தறிய இரண்டு வகை அளவும் வேண்டும்.

பினாங்குக்கு அந்த வாய்ப்பு கைமேல் கிடைத்தது. 2009 ஜூலையில் மாநில அரசு திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பை கிடையாது என்றது. 2010-இல் திங்கள், செவ்வாய், புதன் ஆயிற்று. 2011 ஜனவரி முதல் எல்லா நாளும். பை வேண்டுமென்றால் அப்போது 20 சென். அந்தப் பணம் ஏழைகளுக்கான நிதிக்கு. ஒரே மாநிலத்தில் கட்டம் கட்டமாக, வெவ்வேறு கிழமைகளில் அமலுக்கு வந்த விதி இது. திங்கட்கிழமை விற்ற பைகளை வியாழக்கிழமை இலவசமாகக் கொடுத்த பைகளோடு ஒப்பிட்டாலே போதும், பாதி ஆய்வு முடிந்துவிடும். பேரங்காடிகளின் கணக்குப் புத்தகத்தில் அந்த எண்கள் இருந்தன. டத்தோ கிராமாட் பக்கத்து மளிகைக் கடையில் புத்தகமே இருந்திராது, ஆனால் பை வாங்கிய கட்டு எத்தனை என்று கடைக்காரருக்குத் தெரியும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் போனது வாடிக்கையாளரிடம். திட்டத்தை ஆதரிக்கிறீர்களா, ஒன்று முதல் ஐந்து வரை எண் இடுங்கள்.

ஏன் இப்படி? ஒரு முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைப்பது மூன்று, மூன்றரை ஆண்டு. நிறுவனம் கழிவுநீர்ப் பரிசோதனைத் தாளைக் காட்டாது. மேலாளர் கேள்விப்படிவத்தில் பத்து நிமிடம் டிக் போடுவார். 2006-இல் அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் என்ற தகுதியைப் பெற்றன. அதன் பின் ஆய்வு மதிப்பீடு என்பது வெளியீட்டு எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, பட்டம் பெற்றுப் போன மாணவர் எண்ணிக்கை என்று எண்களாகவே நிலைத்தது. ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று இலக்கு வைத்தால், இத்தனை கட்டுரை தரக்கூடிய முறைதான் வளரும். இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சோற்றுக்கு ஏற்ற உழைப்பு.

பல்கலைக்கழக வளாகம் என்னவோ சும்மா இருக்கவில்லை. டான்ஸ்ரீ சுல்கிப்ளி அப்துல் ரசாக் துணைவேந்தராக இருந்த காலத்தில் (2000–2011) மிண்டன் வளாகத்தில் பாலிஸ்டிரீன் உணவுப் பெட்டிகளுக்கு எதிராக மாணவர்கள் வெள்ளைச் சவப்பெட்டி என்று பெயரிட்டு இயக்கம் நடத்தினார்கள். பெட்டிகள் வளாகத்தை விட்டுப் போயின. 2008-இல் நாட்டின் முதல் ஏபெக்ஸ் பல்கலைக்கழகமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டபோது, நீடித்த நாளைக்காக உயர்கல்வியை மாற்றுவது என்பதுதான் அது முன்வைத்த திட்டத்தின் பொருள். டைம்ஸ் உயர்கல்வி இதழின் தாக்கத் தரவரிசையில் 2022-இலும் 2023-இலும் உலகில் நான்காம் இடம் பிடித்தது. பெருமைதான். அந்தத் தரவரிசையும் பெருமளவு பல்கலைக்கழகம் தானே அனுப்பும் சான்றுகளை நம்பியிருப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தரவு பூட்டிக் கிடந்ததற்கு அரசுக்கும் பங்குண்டு. 1974-இலேயே சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் புகைமூட்டக் காலத்தின் காற்றுத் தூய்மைக் குறியீட்டு எண்களைப் பல ஆண்டுகள் பொதுமக்களுக்குச் சொல்லாமலே வைத்திருந்து, 2005 ஆகஸ்டில்தான் மீண்டும் வெளியிட்டார்கள். சுவாசிக்கும் காற்றின் எண்ணே ரகசியமாக இருந்த நாட்டில் ஆலைக்குழாயின் எண்ணைக் கேட்கும் துணிவு ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டிலும் வழக்கு முன்னே, ஆய்வு பின்னே என்பதுதான் வரிசை. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் கெட்டதையும் ஒரத்தப்பாளையம் அணை நஞ்சுக்குட்டையானதையும் வழக்காக்கியவர்கள் ஆற்றுப்பாசன விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறைக்குத் தொழில் அதன் பிறகுதான் முழுமையாக மாறியது. நிர்வாகவியல் கட்டுரைகள் பின்னால் வந்து, போட்டித்திறன் கூடியதா குறைந்ததா என்று கேட்டன.

பினாங்குக் குப்பையின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. தீவின் வீட்டுக் குப்பை கடல் தாண்டிப் பெருநிலத்துப் பூலாவ் பூரோங் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அது பற்றி எரிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தீவிலேயே உள்ள ஜெலுத்தோங் கிடங்கு எரிந்து ஜோர்ஜ் டவுனைப் புகை மூடியது. 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் விதி மாநிலத்தில் இருக்கிறது. ஜெலுத்தோங்கில் கட்டுமானக் கழிவைக் கொட்டியவை எந்த நிறுவனங்கள், அவற்றின் ஆண்டறிக்கையில் கழிவு பற்றி என்ன எழுதியிருந்தது என்று பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். நிர்வாகவியல் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

ஆண்டறிக்கைகள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. பங்குச் சந்தையான புர்சா மலேசியா 2015-இல் பட்டியலிட்ட நிறுவனங்களை நீடித்த தன்மை அறிக்கை எழுதச் சொன்னது. முதல் ஆண்டுகளின் அறிக்கைகளில் மரம் நடும் படங்கள் அதிகம், எண்கள் குறைவு. 2022-இல் பொதுக் குறியீடுகள் வந்தன. 2024 செப்டம்பரில் தேசிய நீடித்த தன்மை அறிக்கைக் கட்டமைப்பு வந்தது. 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள நிறுவனங்கள் 2025-இல் தொடங்கும் கணக்காண்டிலிருந்து அனைத்துலகத் தரத்தில் கரிம வெளியேற்ற எண்களைச் சொல்ல வேண்டும். மேலாளர் என்ன நினைக்கிறார் என்பதோடு நிறுவனம் எத்தனை டன் வெளியேற்றியது என்பதும் ஆய்வாளர் கைக்கு வரப்போகிறது. இந்தத் துறையின் அரை நூற்றாண்டில் இதைப் பெரிய மாற்றம் என்பேன்.

ஆனால் மலேசியத் தொழில் அமைப்புகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு சிறு, நடுத்தர நிறுவனங்கள். அவை இந்த வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. 1972-இல் இன்டெல் முதலான நிறுவனங்களோடு தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலத்தைச் சுற்றி அச்சகம், அட்டைப்பெட்டி, உலோகப்பூச்சு, லாரி என்று ஆயிரம் சிறு தொழில்கள் வளர்ந்துவிட்டன. பெரிய நிறுவனம் தன் எண்ணைச் சொல்ல இவற்றின் எண்ணும் தேவை. அதனால் இப்போது கொள்முதல் அதிகாரியிடமிருந்து கேள்விப்படிவம் வருகிறது: மின்சாரம் எவ்வளவு, டீசல் எவ்வளவு, கழிவு எவ்வளவு? கணக்கர் இல்லாத பட்டறையில் முதலாளியோ அவர் மகளோ இரவில் உட்கார்ந்து உத்தேசமாக நிரப்பி அனுப்புகிறார்கள். அந்த உத்தேசம் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தணிக்கை செய்யப்பட்ட அறிக்கைக்குள் எண்ணாகிப் போய் உட்காரும். அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதைப் பட்டறையின் மின்கட்டண ரசீதோடும் குப்பை லாரியின் எடைச்சீட்டோடும் ஒப்பிட்டுச் சொல்ல நிர்வாகவியல் பள்ளியால் முடியும். ராமையா போன்றவர்கள் வளர்த்துவிட்ட புள்ளியியல் திறமையும், சங்கத்தார் பழகிய களத் திறமையும் அதற்கு ஒருசேர வேண்டும். மூன்றரை ஆண்டில் முடியாது. ஐந்தாண்டு நிதியும், ஆண்டுக்கு ஒரு கட்டுரை மட்டுமே கேட்கும் ஒரு துறைத்தலைவரும் இருந்தால் முடியும்.